சிவப்புக் கோட்டுக்குள் ஓர் ஊர்: தில்லியின் நாகரிகக் கிராமங்கள் பிறந்த கதை

தெற்குத் தில்லிக்கு வேலைக்கு வரும் இளைஞர்களிடம், வந்த சில வாரங்களிலேயே யாராவது சொல்லிவிடுவார்கள்: "சனிக்கிழமை சாயங்காலம் ஹௌஸ் காஸ் வில்லேஜ் போகலாம்." கல்யாணம் நிச்சயமான பெண்ணாக இருந்தால், "லெஹங்கா தைக்கணும்னா ஷாபூர் ஜாட் போய்ப் பாரு" என்பார்கள். ஒன்று ஏரிக்கரையில் உணவகமும் ஓவியக் கூடமும் நிறைந்த இடம். மற்றது ஆடை வடிவமைப்பாளர்களின் சந்துகள். இரண்டுமே இன்றும் கிராமங்கள். கடைக்காரர்கள் கவர்ச்சிக்காக 'வில்லேஜ்' என்று வைத்த பெயர் என்று பலர் நினைக்கிறார்கள். வருவாய்த் துறை ஆவணத்திலேயே அவை கிராமங்கள்தான். சுற்றிலும் கோடிக்கணக்கில் விலைபோகும் காலனிகள் இருக்க, நடுவில் மட்டும் முறுக்கிக்கொண்டு போகும் சந்துகள், ஒன்றையொன்று உரசி நிற்கும் நாலைந்து மாடி வீடுகள், கட்டிலில் உட்கார்ந்து ஹூக்கா பிடிக்கும் பெரியவர்கள், அவர்களுக்குப் பக்கத்திலேயே கண்ணாடிக் கதவு போட்ட கடை.

இந்தக் கலவை எப்படி வந்தது என்று கேட்டால், "பழமையும் புதுமையும் கைகோக்கும் இடம்" என்று சுற்றுலாக் கையேடு சொல்லும். அந்த வாக்கியம் எதையும் விளக்குவதில்லை. இந்த இடங்களின் அழகு, வாடகை, நெரிசல், ஆபத்து எல்லாவற்றுக்கும் வேர் ஒன்றுதான். நூறு ஆண்டுகளுக்கு முன்பு வரைபடத்தில் சிவப்பு மையால் போட்ட ஒரு கோடு.

1908-ல் ஆங்கிலேய அரசு தில்லிப் பகுதியில் நிலவரி நிர்ணயம் செய்தது. அப்போது தில்லி பஞ்சாப் மாகாணத்தில் ஒரு மாவட்டம்தான், தலைநகர் கல்கத்தா. ஒவ்வொரு கிராமத்துக்கும் பட்வாரி ஒரு வரைபடம் வைத்திருந்தார். நம்மூரில் கர்ணம் பார்த்த வேலையைத்தான் அங்கே பட்வாரி பார்த்தார். துணியில் வரைந்த அந்தப் படத்தில் வயல்கள் ஒவ்வொன்றும் தனித்தனிக் கட்டமாக, ஒவ்வொன்றுக்கும் ஒரு கஸ்ரா எண்ணோடு இருக்கும். எந்த வயல் யாருடையது, எவ்வளவு தீர்வை என்று அந்த எண்ணை வைத்துச் சொல்லிவிடலாம். ஆனால் மக்கள் குடியிருந்த பகுதிக்கு வரி கிடையாது. வீடு, மாட்டுக் கொட்டில், வைக்கோல் போர், வறட்டி அடுக்கும் இடம், கிணற்றடி எல்லாம் சேர்ந்த அந்தப் பகுதியைச் சுற்றி ஒரு சிவப்புக் கோடு போட்டு, மொத்தத்துக்கும் ஒரே எண்ணைக் கொடுத்து விட்டுவிட்டார்கள். அதுதான் லால் டோரா. தமிழ்நாட்டில் கிராம நத்தம் என்று சொல்கிறோமே, ஏறக்குறைய அதே ஏற்பாடு. வரி இல்லாததால் உள்ளே எந்தச் சுவர் யாருடையது என்று எழுதிவைக்க அரசுக்குத் தேவை இருக்கவில்லை. ஊருக்குத் தெரியும், அது போதும் என்பதே அன்றைய நிலை.

1911-ல் தலைநகரைத் தில்லிக்கு மாற்றுவதாக அறிவிப்பு வந்தது. புது தில்லிக்காக ஒரு சுற்று நிலம் எடுக்கப்பட்டது. ஆனால் தெற்குத் தில்லியின் கிராமங்களை அடியோடு புரட்டிப்போட்டது சுதந்திரத்துக்குப் பிறகு வந்த சுற்று. பிரிவினையில் லட்சக்கணக்கான அகதிகள் வந்து சேர்ந்தார்கள்; நகரம் வீங்கியது. 1957-ல் தில்லி வளர்ச்சி ஆணையம் அமைந்தது. 1961-ல் நகரைச் சுற்றியுள்ள நிலத்தைப் பெருமளவில் அரசே எடுத்து, மேம்படுத்தி, விற்பது என்ற திட்டம் வந்தது. 1962-ல் நகரின் முதல் பெருந்திட்டம் (மாஸ்டர் பிளான்) வெளியானது. 1894-ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு, கிராமம் கிராமமாக வயல்களை எடுத்தார்கள்.

அப்படி எடுத்த வயல்களில்தான் இன்றைய தெற்குத் தில்லியின் பெரும்பகுதி நிற்கிறது. தில்லித் தமிழர்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு இடத்தையே எடுத்துக்கொள்வோம். ராமகிருஷ்ணபுரத்தில் தில்லித் தமிழ்ச் சங்கம் இருக்கிறது. 1973-ல் குடமுழுக்கு கண்ட மலை மந்திர் இருக்கிறது. ஆடிக் கிருத்திகைக்குக் காவடி வரும். மத்திய அரசு ஊழியர்களாக வந்த தமிழர்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே குவார்ட்டர்ஸில் குடியிருந்தார்கள். அந்தக் குவார்ட்டர்ஸ் எழுந்தது முனிர்கா போன்ற கிராமங்களின் வயலில். ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்துக்கும் வசந்த விகாருக்கும் போன நிலத்திலும் முனிர்காக்காரர்களின் பங்கு உண்டு. நாம் "ஆர்.கே. புரம் பக்கத்தில் ஒரு நெருக்கடியான கிராமம்" என்று முனிர்காவைச் சொல்கிறோம். முனிர்காக்காரர் சொன்னால் கதை தலைகீழாக இருக்கும்: எங்கள் வயலில் ஒரு காலனி வந்தது என்பார்.

வயலை எடுத்தார்கள், சிவப்புக் கோட்டுக்குள் இருந்த வீடுகளை எடுக்கவில்லை. குடியிருப்பை அப்புறப்படுத்தினால் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு மாற்று இடம் தர வேண்டும்; அதற்கு அரசு தயாராக இல்லை. ஆகவே ஊரை அப்படியே விட்டுவிட்டு, அதைச் சுற்றி நகரத்தைக் கட்டினார்கள். பெருந்திட்டத்தின் அகலச் சாலைகளும் மனைப்பிரிவுகளும் கிராம எல்லை வரை வந்து நின்றன. இப்படி நகரத்துக்குள் அகப்பட்டுக்கொண்ட கிராமங்கள் தில்லியில் நூற்றுக்கும் மேல்.

அடுத்து நடந்தது இன்னும் முக்கியமானது. 1963 ஆகஸ்டில் தில்லி மாநகராட்சி ஒரு அறிவிக்கை வெளியிட்டது. லால் டோராவுக்குள் வீடு கட்டுபவர்கள் கட்டட வரைபட அனுமதி வாங்க வேண்டியதில்லை என்பது அதன் சாரம். ஒரு விவசாயி தன் மாட்டுக் கொட்டிலுக்குக் கூரை போட மாநகராட்சி வாசலில் நிற்க வேண்டாமே என்ற நியாயமான எண்ணத்தில் வந்த சலுகை அது. ஆனால் அதற்குள் அந்த விவசாயிக்கு வயல் இல்லை, அதனால் மாடும் வெகுநாள் இருக்கவில்லை. கையில் இழப்பீட்டுப் பணம் கொஞ்சம் இருந்தது. அந்தத் தொகை எவ்வளவு சொற்பம் என்பது, தன் வயல் மனைகளாகப் பிரிக்கப்பட்டு என்ன விலைக்குப் போனது என்று பார்த்தபோதுதான் அவருக்கு உறைத்தது. அந்தக் கசப்பு இந்தக் கிராமங்களில் இன்னும் போகவில்லை. வயதானவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் பத்து நிமிடத்தில் வெளியே வந்துவிடும். அவர்களிடம் மிஞ்சியது வீடு நிற்கும் மண். மேலே எத்தனை மாடி வேண்டுமானாலும் எழுப்பலாம், கேட்பார் இல்லை. கோதுமை போன இடத்தில் வாடகை பயிரானது.

வெளியிலிருந்து பார்க்கும்போது லால் டோரா கட்டடங்கள் கன்னாபின்னாவென்று வளர்ந்த மாதிரி தெரியும். அதற்குள் ஒரு கணக்கு இருக்கிறது. மனை ஐம்பது சதுர கஜமோ நூறு சதுர கஜமோதான். பக்கவாட்டில் விட இடமில்லை. ஆகவே தரைத்தளம் கடைக்கு, அதற்கு மேல் பட்டறை அல்லது அறைகள், உச்சியில் வீட்டுக்காரர் குடும்பம். மேல்மாடிகளைச் சந்துக்கு மேலே ஓரிரண்டு அடி நீட்டிக்கொள்வார்கள், எதிர்வீட்டுக்காரரும் நீட்டுவார். கீழே நடப்பவருக்கு வானம் ஒரு நாடா அளவுதான் தெரியும். மே மாத வெயிலில் அந்த நிழல் வரப்பிரசாதம். தீ பிடித்தால் அதே நெருக்கம் எமன்.

இந்த மண்ணில் நாகரிகம் எப்படி முளைத்தது? ஹௌஸ் காஸுக்கு ஏற்கெனவே ஒரு பெரிய சொத்து இருந்தது. அலாவுதீன் கில்ஜி தான் கட்டிய சீரி நகரத்துக்குத் தண்ணீர் வேண்டி வெட்டிய ஏரி அங்கே இருந்தது. தூர்ந்துபோன அதைப் பிற்பாடு பெரோஸ் ஷா துக்ளக் தூர்வாரி, 1352-ல் அதன் கரையில் ஒரு மதரஸா எழுப்பினார். தன் கல்லறையையும் அங்கேயே கட்டிக்கொண்டார். எல் வடிவத்தில் ஏரியை அணைத்தபடி நிற்கும் அந்தக் கல் மண்டபங்களின் முதுகோடு ஒட்டியே கிராமம் வளர்ந்திருக்கிறது. ஒரு பக்கம் மான் பூங்காவின் மரங்கள். ஊருக்குள் வர ஒரே சாலை, அது மதரஸா வாசலில் முடிந்துவிடும். ஊடுருவிப் போகும் வண்டி என்று எதுவும் கிடையாது. இரைச்சல் மிகுந்த ஒரு மாநகரத்தில் இப்படி ஒரு முட்டுச்சந்து கிடைப்பது அபூர்வம்.

தேசிய ஆடை வடிவமைப்பு நிறுவனமான நிஃப்ட் 1986-ல் தொடங்கியது; அதன் வளாகம் இந்த வட்டாரத்திலேயே இருக்கிறது. அங்கே படித்து வெளிவந்தவர்களுக்குச் சொந்தமாகக் கடை போட ஆசை உண்டு, சவுத் எக்ஸ்டென்ஷன் போன்ற வசதியான கடைவீதிகளில் வாடகை கொடுக்கக் காசு கிடையாது. 1980-களின் பிற்பகுதியில் ஆடை வடிவமைப்பாளர் பினா ரமணி ஹௌஸ் காஸ் கிராமத்தில் தன் ஆடைக் கடையைத் திறந்தார். எருமை கட்டியிருக்கும் சந்தில் விலையுயர்ந்த துணிக்கடையா என்று அன்றைய தில்லி வியந்தது. வியந்துகொண்டே வந்து வாங்கியது. அவரைப் பின்தொடர்ந்து மற்ற வடிவமைப்பாளர்கள் வந்தார்கள். கிராமம் என்ற அடையாளமே விற்பனைச் சரக்காக மாறியது அப்போதுதான். துணி வாங்க வந்த வெளிநாட்டுத் தூதரகப் பெண்மணிகள் சாணி வாசனையையும் சேர்த்து ரசித்தார்கள் என்று அந்தக் காலத்தைப் பற்றிச் சொல்வார்கள். ஆனால் அந்த ரசனைக்கு அடியில் இருந்த உண்மை எளிமையானது: சட்டப்படி கடை வைக்கக் கூடிய இடங்களில் வாடகை கட்டுப்படியாகவில்லை, சட்டம் எட்டாத இடத்தில் கட்டுப்படியானது.

இரண்டாவது அலை 2009 வாக்கில் வந்தது. இந்த முறை சாப்பாடும் புத்தகமும். நல்ல எழுத்துகளை மட்டும் தேடி வைத்திருந்த சிறு புத்தகக் கடை, பழைய இந்திப் படச் சுவரொட்டிகள் விற்கும் கடை, தேநீருக்கு விருப்பப்பட்டதைக் கொடுங்கள் என்ற பயணக் காபிக் கடை. தென்னாட்டுச் சமையலை இட்லி தோசைக்கு வெளியே கொண்டுபோன 'கன்பவுடர்' உணவகமும் இங்கேதான் இருந்தது. படியேறிப் போனால் மொட்டை மாடியிலிருந்து ஏரி தெரியும். பரோட்டாவும் கறியும் வரும். 'மெட்ராஸி சாப்பாடு' என்று எல்லாவற்றையும் ஒரே தட்டில் போட்டுப் பார்க்கும் ஊரில் கேரளம், ஆந்திரம், தமிழ்நாடு என்று சமையலைப் பிரித்துச் சொன்ன அந்தச் சின்ன இடத்தின் மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு. 2010 செப்டம்பரில் மெட்ரோ மஞ்சள் தடம் கிரீன் பார்க், ஹௌஸ் காஸ் வழியாக நீண்டது. வசதி படைத்தவர் மட்டும் காரில் வந்த இடத்துக்கு, ரோகிணியிலிருந்தும் குர்கானிலிருந்தும் கல்லூரிப் பிள்ளைகள் ரயிலில் வந்து இறங்கினார்கள். கிராமம் பொங்கி வழிந்தது.

பொங்கியது வாடகையும்தான். துணிக்கடை ஒரு சதுர அடிக்குச் சம்பாதிப்பதைவிட மதுக்கூடம் பல மடங்கு சம்பாதிக்கும். வீட்டுக்காரர் யாருக்குக் கொடுப்பார்? புத்தகக் கடைகளும் சிறு வடிவமைப்பாளர்களும் முதலில் காலி செய்தார்கள். எந்த நகரத்திலும் நடக்கிற கதைதானே என்று கேட்கலாம். நியூயார்க்கின் கிரீனிச் வில்லேஜிலும் கலைஞர்கள் வந்து, பணக்காரர்கள் வந்து, கலைஞர்கள் போனார்கள். ஆனால் தில்லியில் வேறுபாடு ஒன்று உண்டு. கட்டட விதி இல்லாத இடத்தில், கழிவுநீருக்கும் தீக்கும் கூட்டத்துக்கும் கணக்கே போடாமல், குடும்பம் வாழக் கட்டிய வீட்டின் மேல் நூற்றுக்கணக்கான பேர் சாப்பிடும் சமையலறைகள் ஏறி உட்கார்ந்தன.

விளைவு ஏரியில் தெரிந்தது. இருபதாம் நூற்றாண்டில் வறண்டு கிடந்த ஹௌஸ் காஸ் ஏரிக்கு, வசந்த் குஞ்ச் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து சுத்திகரித்த நீரைக் கொண்டுவந்து உயிர் கொடுத்திருந்தார்கள். அப்படி மீண்ட ஏரியின் காட்சியைக் காட்டித்தான் மொட்டை மாடி உணவகங்கள் கூட்டம் சேர்த்தன. அந்த உணவகங்கள் கழிவுநீரை முறையாக வெளியேற்றவில்லை, நிலத்தடி நீரை அனுமதியில்லாமல் உறிஞ்சுகின்றன என்று பசுமைத் தீர்ப்பாயத்தில் வழக்குப் போனது. 2013 செப்டம்பரில் முப்பதுக்கும் மேற்பட்ட உணவகங்கள் ஒரே வீச்சில் மூடப்பட்டன. பிறகு நிபந்தனைகளோடு திறக்கப்பட்டன. 2017-ல் இன்னொரு பொதுநல வழக்கில், தீயணைப்பு வண்டி நுழைய முடியாத சந்தில் இத்தனை உணவகங்கள் எப்படி இயங்குகின்றன என்று தில்லி உயர் நீதிமன்றம் கடுமையாகக் கேட்டது. ஐம்பது பேருக்குக் குறைவாக உட்காரும் உணவகத்துக்குத் தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று தேவையில்லை என்ற விதியைப் பயன்படுத்தி, பல உணவகங்கள் இருக்கைக் கணக்கை அந்த எண்ணுக்குக் கீழேயே காட்டிவந்ததும் அப்போது பேசப்பட்டது. இதற்கு மேல், பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னத்திலிருந்து 100 மீட்டருக்குள் புதிய கட்டடம் கூடாது என்று 2010-ல் திருத்தப்பட்ட தொல்லியல் சட்டம் சொல்கிறது. மதரஸாவின் முதுகில் சாய்ந்திருக்கும் ஊரில் அந்த 100 மீட்டருக்கு வெளியே என்ன மிஞ்சும்? ஒரு சட்டம் எதையும் கட்டலாம் என்றது, இன்னொன்று எதையுமே கட்டாதே என்கிறது. இரண்டுக்கும் நடுவே உள்ள வெளியில் லஞ்சமும் செல்வாக்கும் புகுந்துகொள்ளும்.

ஹௌஸ் காஸில் இரவு வாழ்க்கை ஓங்கியபோது, துணித் தொழிலின் மையம் கிழக்கே ஷாபூர் ஜாட்டுக்கு நகர்ந்தது. இந்த ஊருக்கும் பழைய வரலாறு உண்டு. அலாவுதீன் கில்ஜி 1303 வாக்கில் எழுப்பிய சீரிக் கோட்டைக்குள்தான் ஊரே இருக்கிறது. இடிந்த மதில் துண்டுகளை இன்றும் பார்க்கலாம், வீடுகளுக்கு நடுவே தோஃபேவாலா கும்பட் என்ற பழைய மசூதி நிற்கிறது. 1982 ஆசிய விளையாட்டுப் போட்டிக்காக ராஜ் ரேவால் வடிவமைத்த வீரர் குடியிருப்பு, இந்த ஊரின் பழைய வயல்வெளியில் எழுந்தது. கட்டடக் கலை மாணவர்கள் அந்தக் குடியிருப்பைப் பாடமாகப் படிக்கிறார்கள்: குறுகிய நடைவழிகள், ஒன்றோடொன்று ஒட்டிய வீடுகள், வண்டி வராத முற்றங்கள். இந்தியப் பழைய ஊர்களின் அமைப்பை நவீன மொழியில் சொல்லும் முயற்சி என்று பாராட்டுவார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் ஷாபூர் ஜாட்டில் அதே நடைவழியும் முற்றமும் அசலாகவே இருக்கின்றன. அங்கே கட்டடக் கலைஞர் வரவும் இல்லை, ஒழுங்கான சாக்கடை வரவும் இல்லை.

தாதா ஜங்கி சந்து பக்கம் நடந்தால் மணப்பெண் ஆடைக் கடைகள் வரிசையாக வரும். கண்ணாடிக்குப் பின்னால் சிவப்பும் தங்கமுமாக லெஹங்காக்கள். விலைச்சீட்டைப் பார்த்தால் தலை சுற்றும். ஆனால் உண்மையான ஷாபூர் ஜாட்டைப் பார்க்க, கடையை ஒட்டிய இருட்டுப் படியில் இரண்டு மாடி ஏற வேண்டும். ஒரு அறை. நடுவே கட்டில் மாதிரி ஒரு மரச்சட்டம். அதில் துணியை முரசுத் தோல் போல விறைப்பாக இழுத்துக் கட்டியிருப்பார்கள். இரு பக்கமும் நாலைந்து பேர் தரையில் சம்மணமிட்டு, குனிந்து உட்கார்ந்திருப்பார்கள். முதலில் வடிவத்தை மெல்லிய காகிதத்தில் ஊசியால் துளைத்துத் துளைத்து எடுப்பார்கள். அந்தக் காகிதத்தைத் துணிமேல் வைத்து, மண்ணெண்ணெயில் குழைத்த பொடியைத் துணிப்பந்தால் தேய்ப்பார்கள். துளை வழியே பொடி இறங்கி, கொடியும் பூவும் புள்ளிப் புள்ளியாகத் துணியில் விழும். பிறகு ஆரி ஊசி. மேல்கை ஊசியைக் குத்தும், துணிக்கு அடியில் இருக்கும் கை நூலைக் கொடுக்கும். கண்ணுக்குத் தெரியாத அந்தக் கை தவறினால் கண்ணி விழாது. மணியும் ஜரிகைச் சுருளும் ஒவ்வொன்றாக ஏறும். ஒரு பாவாடையின் கரை முடிய நாட்கணக்காகும். நம்மூரில் கல்யாண ரவிக்கைக்கு ஆரி ஒர்க் கொடுப்பவர்களுக்கு இந்த வேலையின் அருமை தெரிந்திருக்கும்.

இந்தக் கைவினைஞர்கள் பெரும்பாலும் வங்காளத்திலிருந்தும் உத்தரப் பிரதேசம், பீகாரிலிருந்தும் வந்தவர்கள்; பலர் முஸ்லிம்கள். பகலில் வேலை செய்யும் மரச்சட்டத்துக்குப் பக்கத்திலேயே இரவில் பாய் விரித்துப் படுப்பவர்கள் உண்டு. சட்டத்தை நிமிர்த்திச் சுவரில் சாய்த்துவிட்டால் அறை படுக்கையாகிவிடும். சீசன் முடிந்து ஆர்டர் இல்லாத மாதங்களில் ஊருக்குப் போவார்கள். வடிவமைப்பாளர் பெயர் ஆடையில் இருக்கும். வடிவமைப்பாளர் இந்த ஊரில் கடை வைத்ததற்கு முதல் காரணமே, மாதிரித் துணியைக் கீழே பார்த்துவிட்டு மேலே ஏறிப் போய் "இந்த இலையைக் கொஞ்சம் சின்னதா போடுங்க பாய்" என்று சொல்ல முடிகிறது என்பதுதான். கடையும் பட்டறையும் ஒரே கட்டடத்தில் இருப்பதை வணிகப் பகுதி விதிகள் எளிதில் அனுமதிக்காது. லால் டோரா அனுமதித்தது. ஷாபூர் ஜாட்டின் செழிப்புக்கு இதுவே அடிப்படை என்று நான் உறுதியாக நம்புகிறேன். சுவரோவியங்களும் காபிக் கடைகளும் அதன் மேல் வந்த பூச்சு.

வாடகைப் பணத்தால் ஊரார் எல்லோரும் பணக்காரர்களாகிவிட்டார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். கிராமம் என்றால் சாதியும் சேர்ந்ததுதான். சாலையோரத்தில் பெரிய மனை வைத்திருந்தவர்கள், பெரும்பாலும் நிலவுடைமைச் சாதியினர், நன்றாகப் பிழைத்தார்கள். ஊரின் ஓரத்தில் சின்ன வீடுகளில் இருந்த தலித் குடும்பங்களுக்கு வயலும் இருந்ததில்லை, அதனால் இழப்பீடும் இல்லை. கூலி வேலை தந்த வயல் மட்டும் போயிற்று. ஊர்ப் பொதுநிலமும் குளமும் மேய்ச்சல் வெளியும் அவர்களுக்கு ஓரளவு ஆதரவாக இருந்தவை. நகரம் முதலில் விழுங்கியது அவற்றைத்தான். நாகரிகக் கிராமம் பற்றிய கட்டுரைகளில் இந்தப் பகுதி பெரும்பாலும் வருவதே இல்லை.

லால் டோரா இருக்கும் இடமெல்லாம் நாகரிகம் வந்துவிடுவதில்லை. ஐ.ஐ.டி.யை ஒட்டிய ஜியா சராய், பேர் சராய், கட்வாரியா சராய் கிராமங்கள் தேர்வுக்குப் படிக்கும் மாணவர்களின் ஊர். முனிர்காவில் வடகிழக்கு மாநிலத்தவரும் ஜே.என்.யூ. மாணவர்களும் அதிகம். தமிழ்நாட்டிலிருந்து நுழைவுத் தேர்வுக்குப் படிக்க வந்த எத்தனையோ பேர் ஜன்னல் இல்லாத அந்த அறைகளில் இருந்துதான் மேலே வந்திருக்கிறார்கள். கிர்கி கிராமத்துக்கு அருகே 'கோஜ்' கலைஞர் அமைப்பு வேரூன்றியது. லாடோ சராயில் ஒரு காலத்தில் ஓவியக் கூடங்கள் வரிசைகட்டின. சாகேத் மெட்ரோவை ஒட்டிய சைதுல் அஜைபில் சம்பா கலி என்று ஒரு சந்து காபிக் கடைகளால் நிரம்பியிருக்கிறது. எந்தக் கிராமம் எதுவாகிறது என்பதைத் தீர்மானிப்பது பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பதே. பல்கலைக்கழகம் இருந்தால் அறைகள், பணக்காரக் காலனி இருந்தால் கடைகள், ஏரியோ நினைவுச்சின்னமோ இருந்தால் உணவகங்கள். மும்பையில் பாந்த்ராவின் ரன்வர் போன்ற கௌதாண்களிலும், அதாவது பழைய ஊர்க் குடியிருப்புகளிலும், இதே விதி வேறு வடிவில் ஓடுகிறது.

நகரத்து மக்கள் ஏன் இந்தச் சந்துகளைத் தேடி வருகிறார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அந்த விருப்பம் பொய்யல்ல. பெருந்திட்டம் போட்டுக் கட்டிய தில்லியில் நடந்து போவது தண்டனை. வீட்டுக்கும் கடைக்கும் நடுவே நாலுவழிச் சாலை, காலனிக்குக் காலனி இரும்புக் கதவு, காவலாளி. கிராமத்தில் காய்கறி வண்டியும் தையல்காரரும் பால் பூத்தும் கோயிலும் காபிக் கடையும் நூறடிக்குள் இருக்கின்றன. வாசல்படியில் யாராவது உட்கார்ந்திருப்பார்கள், வழி கேட்கலாம். திட்டமிட்டவர்கள் தர மறந்ததைத் திட்டத்துக்கு வெளியே விடப்பட்ட ஊர் தருகிறது. நகரத் திட்ட அலுவலகங்கள் இதைக் குறைபாடாகப் பார்க்காமல் பாடமாகப் பார்த்திருந்தால், புதிய காலனிகளாவது கொஞ்சம் நடக்கக் கூடியவையாக இருந்திருக்கும்.

இன்றைக்கு இந்த ஊர்களை அரித்துக்கொண்டிருப்பது பட்டா இல்லாத நிலை. சிவப்புக் கோட்டுக்குள் ஒரே எண் என்பதால், தனித்தனி வீட்டுக்கு அரசு ஆவணம் பெரும்பாலும் கிடையாது. கைமாற்றம் நடப்பது பொது அதிகாரப் பத்திரத்தின் மேல். அப்படிப்பட்ட பத்திரத்தால் உரிமை மாறாது என்று 2011-ல் சூரஜ் லேம்ப் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பட்டா இல்லாததால் வங்கிக் கடன் கிடைப்பது அரிது. கடன் இல்லாததால் பழைய சுவரை இடித்து ஒழுங்காகக் கட்ட வழியில்லை. கைக்காசு சேரும்போதெல்லாம் பழைய அஸ்திவாரத்தின் மேலேயே இன்னொரு மாடி ஏறுகிறது. அரசு விழித்துக்கொள்ளும்போதெல்லாம் கையிலெடுக்கும் ஆயுதம் பூட்டி முத்திரை வைப்பது. 2006-லிருந்து தில்லி கண்ட முத்திரை நடவடிக்கைகள் வணிகத்தைத்தான் நிறுத்தின. எந்தச் சந்திலும் சாக்கடையைப் போடவில்லை.

கிராமங்களை அழகுபடுத்துகிறோம் என்று முகப்புக்குச் சாயம் அடிப்பதையும் தரையில் ஓடு பாவுவதையும் நான் ஆதரிக்க மாட்டேன், முதல் வேலை முடியும்வரை. முதல் வேலை, மாடி மாடியாக அளந்து யார் எங்கே இருக்கிறார் என்று எழுதுவது. நாடு முழுக்க ஊரகக் குடியிருப்புகளை டிரோனால் அளந்து சொத்து அட்டை வழங்கும் ஸ்வாமித்வா திட்டம் 2020-ல் வந்தபிறகு, தொழில்நுட்பம் இல்லை என்ற சாக்குக்கும் இடமில்லை. ஆனால் டிரோன் கூரையை மட்டுமே பார்க்கும். ஷாபூர் ஜாட்டில் ஒரு கூரையின் கீழே வீட்டுக்காரரும், பதினோரு மாத ஒப்பந்தத்தில் கடைக்காரரும், வாய்மொழி ஏற்பாட்டில் பட்டறைக்காரரும், எந்தத் தாளிலும் பெயரில்லாத ஆரி வேலைக்காரர்களும் இருக்கிறார்கள். கூரைக்கு மட்டும் பட்டா கொடுத்தால், சொத்தின் மதிப்பு உயரும் அன்றே வாடகையும் உயரும், பட்டறைகள்தான் முதலில் காலி செய்யும். சொத்து அட்டையோடு சேர்த்தே வாடகைதாரர் பதிவேடும், பட்டறைகளுக்கு இடம் ஒதுக்கும் உள்ளூர்த் திட்டமும், தீயணைப்புக் குழாய் வரிசையும் வர வேண்டும். 1908-ல் பட்வாரி அந்தக் கோட்டுக்குள் போய் எழுத வேண்டிய தேவை இருக்கவில்லை. இப்போது இருக்கிறது, அதைச் செய்ய வேண்டிய அலுவலகம் தில்லி அரசிடமும் மாநகராட்சியிடமும் வளர்ச்சி ஆணையத்திடமும் மூன்றாகப் பிரிந்து கிடக்கிறது.